பத்துச் சுற்று நரம்பு

தூண்டில் சாமான் கடையில் ரீலக்காவின் மேசை, கோல்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும் சுவரை ஒட்டி இருந்தது. பதினேழு வருஷமாக அதே மேசை, அதே முக்காலி. ரீலில் நூல் சுற்றித் தருவதுதான் அவள் வேலை என்று முதலாளி சொல்லிக்கொள்வார். உண்மையில் யாருக்கு எந்தக் கோல், எந்த ரீல், எந்த நூல் என்று தீர்மானிப்பது அவள்தான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து தலையாட்டுவார். தலையாட்டுவதிலும் அவருக்குப் பதினேழு வருஷ அனுபவம் இருந்தது.

"எது விலை ஜாஸ்தியோ அதையே குடுங்க" என்று வருகிறவர்களைக் கண்டால் ரீலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்களுக்கு மீன் வேணுமா, பெருமை வேணுமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். பாஸ் என்னும் பெருவாய் மீன் பிடிக்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் அவளுக்கு மூன்று கேள்விகள் உண்டு. எங்கே பிடிக்கப் போகிறீர்கள், பாசியிலா, பாறையிலா, வெறும் தண்ணீரிலா? மணிக்கட்டில் வலி இருக்கிறதா? மீன் கடித்ததும் கொஞ்சம் பொறுப்பீர்களா, உடனே இழுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு இதுவரை எவரும் உண்மை சொன்னதில்லை. அதனால் கூட வந்திருக்கும் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தெரிந்துகொள்வாள்.

இத்தனைக்கும் அவள் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. படகில் கால் வைத்தால் தலை சுற்றும். சின்ன வயதில் அப்பா தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு போவார். முந்தின நாளே இருவருக்கும் நூல் சுற்றிக் கொடுப்பது இவள் வேலை. கை அங்கே பழகியதுதான்.

அந்தத் தம்பி அவளோடு பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்பா இறந்துபோனபோது அவன் கப்பலில் வேலையாக எங்கோ நடுக்கடலில் இருந்தான். வாடகை வீட்டை இரண்டே நாளில் காலி செய்யச் சொன்னார்கள். கட்டில், பாத்திரம், பழைய துணி என்று ஆள் வைத்து ஏற்றிய அவசரத்தில், சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் பதினோரு கோல்களும் பழைய சாமான் வண்டியில் போய்விட்டன. தம்பிக்கு அவற்றின் மேல் உயிர் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. அவன் வந்து, ஆணிகள் மட்டும் மிச்சமிருந்த சுவரைப் பார்த்தான். "உன்னை எப்பவும் கூட்டிட்டுப் போகலைன்னுதானே வேணும்னே பண்ணே?" என்று கேட்டான். அதுதான் கடைசிப் பேச்சு. மறந்துவிட்டேன் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியனுப்பினாள். மறதியை யார் நம்புகிறார்கள்? கோபக்காரனுக்குக் காரணம் வேண்டும்.

அவன்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குள் நுழைந்தான்.

ரீலக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை. முகத்தைப் பார்க்காமல் கோல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாளைக்கு நீர்த்தேக்கத்துல போட்டி. மூணு வருஷமா ரெண்டாவதாவே வரேன். உங்ககிட்ட எடுத்தா தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

உங்களிடம் என்றான். இடுப்பில் தூக்கி வளர்த்த பயல். அவளுக்கும் ரோஷம் இருந்தது.

"எங்க பிடிக்கப் போறீங்க?"

"அல்லி இலைக்கு நடுவுல. அங்கதான் பெருசு இருக்கு."

அதற்குமேல் அவள் வாங்க வந்தவரைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தாள். மென்மையான கோல்கள் இரண்டை அவன் எடுக்க, வாங்கித் திரும்ப வைத்தாள். அடிப்பாதி விறைப்பும் நுனியில் மட்டும் வளைவும் உள்ள ஏழடிக் கோலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். நுனியை விரல்களில் பிடித்துக்கொண்டு, "இழுங்க" என்றாள். இழுத்தான். "தோள்ல வலிக்குதா?" இல்லை. "அப்ப இதுதான்." ரீலுக்கு வந்தபோது, ஒரே சுற்றில் நிறைய நூலை உள்ளே இழுக்கிற வேக ரீலைக் காட்டினாள். கடித்த மீன் பாசிக்குள் தலையை விடுவதற்கு முன் வெளியே இழுத்துவிட வேண்டும். நூலில்தான் தகராறு வந்தது. கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு வேண்டும் என்றான் அவன்.

"பாசிக்குள்ள இருக்கற மீனுக்கு நூலை ஆராய நேரம் ஏது? தண்டு குறுக்க வந்தா அறுக்கணும். பின்னல் நூல்தான்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அப்பாவிடமும் இப்படித்தான் மூடிக்கொள்வான்.

பின்னல் நூலில் ஒரு சங்கடம் உண்டு. பட்டு மாதிரி வழவழப்பு. ரீலின் உருளையில் அதை நேரே சுற்றினால் பிடிமானம் இருக்காது. அதனால் முதலில் சாதாரண நைலான் நரம்பைப் பத்துச் சுற்று சுற்றி, அதன்மேல் பின்னல் நூலை முடிந்து சுற்ற வேண்டும். வீசும்போது ஒன்றும் தெரியாது, சின்ன மீனுக்கும் தெரியாது. பெரிய மீன் இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். நூல் மொத்தமும் உருளைமேல் வழுக்கிச் சுழலும், கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் ஒரு முழம் உள்ளே வராது. ரீலக்கா அந்த நைலானை முன்கூட்டியே அளந்து வெட்டிக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொள்வாள். அது அவள் வழக்கம். அன்றும் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவன் கேட்டான். "வீட்ல மாமா நல்லாயிருக்காரா?"

அவள் புருஷனை மாமா என்றான். அவர் மாமா என்றால் இவள் யார்? அதை மட்டும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கே அவள் கண் நிறைந்துவிட்டது. குனிந்துகொண்டு, "ம், இருக்காரு" என்று சொல்லியபடி மடமடவென்று ரீலைச் சுற்றினாள். அவன் வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் வீட்டில் புருஷனைப் பார்த்து மூன்று முறை காரணமில்லாமல் சிரித்தாள். மனிதர் பயந்துபோனார்.

மறுநாள் பத்து மணிக்குக் கடையில், நேற்றுக் கழற்றிப் போட்ட வேலை மேலங்கியைக் கழுத்து வழியாக மாட்டும்போது, காலருக்குள்ளிருந்து ஏதோ குத்தியது. இழுத்தாள். அளந்து வெட்டிய நைலான் நரம்பு, பத்துச் சுற்றும் அப்படியே கைக்கு வந்தது.

தம்பியின் ரீலுக்கென்று வெட்டியது. ஒருவேளை மீன் கடிக்காமலே போகலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே, தம்பி தோற்க வேண்டும் என்றா நினைக்கிறேன் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கடிக்கும். பெரியதுதான் கடிக்கும். ரீல் வழுக்கும். மூடியைக் கழற்றிப் பார்ப்பான். உள்ளே நரம்பு இல்லை என்பது அவனுக்கு ஒரு நொடியில் புரியும். பதினேழு வருஷத்தில் யாருக்கும் தப்புச் செய்யாதவள் எனக்கு மட்டும் தப்புச் செய்தாளா என்று கேட்பான். முதல் முறைதான் மறதி. இரண்டாவது முறையும் மறதி என்றால் கடவுளே வந்து சொன்னாலும் நம்பமாட்டான்.

தம்பிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. போட்டிக்காரர்களின் போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று முதலாளி சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நல்ல மனிதர், ஆனால் ஸ்கூட்டரைச் சைக்கிள் மாதிரி ஓட்டுவார்.

"கொஞ்சம் முடுக்குங்க சார்!"

"முடுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார். ரீலக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நீர்த்தேக்கத்தின் வாசலில் காவலாளி மறித்தார். படகுகள் ஒன்பது மணிக்கே போய்விட்டன. ஒவ்வொரு படகிலும் ஒரு நடுவர் இருக்கிறார். இரண்டு மணிவரை கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

"ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"அது முடியாதும்மா. வேடிக்கை பாக்கறவங்க கத்தினா விட்டுருவாங்க, எல்லார் வாயையும் மூட முடியுமா? ஆனா போட்டிக்காரரோட சொந்தக்காரங்க, கூட்டாளிங்க யோசனை சொன்னா பிடிச்ச மீன் கணக்குல வராது. நீங்க யாரோட ஆளு?"

ரீலக்கா தண்ணீரைப் பார்த்தாள். "யாரோட ஆளும் இல்ல."

தம்பியின் படகு அல்லி இலைகளின் ஓரத்தில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. அவன் வீசுவதும் இழுப்பதுமாக இருந்தான். சின்னதாக இரண்டு வந்தன, ரீல் ஒழுங்காகச் சுற்றியது. ஒவ்வொரு வீச்சுக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதலாளி குடையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தன் தலையை வெயிலில் விட்டு நின்றார்.

ஒன்றரைக்குக் கோல் வளைந்தது.

நுனி மட்டுமல்ல, பாதிக் கோல் வளைந்தது. இலைகளுக்கு நடுவே தண்ணீர் உடைந்து, அகலமான ஒரு வால் தெரிந்து மறைந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. தம்பி கைப்பிடியைச் சுற்றினான். சுற்றினான், நூல் வரவில்லை. குனிந்து ரீலின் திருகாணியை இறுக்கினான். மறுபடி சுற்றினான். கை வேகமாகச் சுழன்றது, நூல் அசையவில்லை. மீன் பாசிப் பக்கம் திரும்பியது. அவன் ரீலைப் பார்த்த பார்வை அவளுக்குத் தெரியும். சுவரில் ஆணிகளைப் பார்த்த அதே பார்வை.

வாயைத் திறக்காமல் இருந்தால் மீன் போகும், தம்பியும் போவான். திறந்தால் மீன் கணக்கில் வராமல் போகலாம், அதற்கும் அவளைத்தான் வைவான். யோசித்துத் தீர்மானித்தாள் என்று சொன்னால் பொய். அவள் வாய் அவளைக் கேட்கவில்லை.

"டேய்! ரீலை விடுடா! வழுக்குது! நூலைக் கையால இழு! கையில துணியைச் சுத்திக்கோடா!"

அவன் நிமிர்ந்தான். கரையைப் பார்த்தான். துணி தேட நேரமில்லை. கோலை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, வெறும் கையால் நூலைப் பற்றி இழுத்தான். பின்னல் நூல் கத்தி மாதிரி அறுக்கும். ஒரு பிடி, இன்னொரு பிடி. படகின் விளிம்பில் மீன் புரண்டது. நடுவர் வலையைக் கொடுக்க, அள்ளி உள்ளே போட்டான்.

ரீலக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு ஓடினாள்.

எடை போடும் மேசையில் அன்றைய மீன்களிலேயே அதுதான் பெரியது. தலைமை நடுவர் எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். "கரையிலேருந்து ஒரு அம்மா யோசனை சொன்னாங்கன்னு படகு நடுவர் எழுதியிருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஐந்தடி தள்ளி நின்ற ரீலக்கா, அவன் கண்ணில் படும்படி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இல்லைன்னு சொல்லுடா, சொல்லித் தொலை. அவன் அவளைப் பார்த்தான். இரத்தம் கசியும் வலது கையைப் பார்த்தான்.

"எங்க அக்கா."

"கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா."

நடுவர் வருத்தத்தோடு ஒரு கோடு போட்டு அந்த மீனைக் கணக்கிலிருந்து அடித்தார்.

படித்துறைக் குழாயடியில் அவள் அவன் கையைப் பிடித்துக் கழுவினாள். நான்கு விரல்களிலும் கீறல்.

"கீழே நரம்பு போடலையா?" என்றான்.

"மறந்துட்டேன்டா. சத்தியமா மறந்துட்டேன். மாமான்னு சொன்னே பாரு, கை ஓடல. வேணும்னு ஒண்ணும்..."

"தெரியுது. வேணும்னு பண்றவ இவ்வளவு தூரம் வந்து கத்தமாட்டா."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நீ ஏண்டா வாயை விட்டே? அவ யாரோ, எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு மொதலாவதா வந்திருப்பியே!"

அவன் கையை இழுத்துக்கொள்ளாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு வருஷமா அதைத்தானேக்கா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."