பதினொரு வாக்கு

விதுர்ஷா ஊரைவிட்டுப் போனது 2017 ஒக்டோபர் இருபத்துநான்காம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரைத் துறையில் சந்திப்பதாக அவளும் கம்சாயினியும் பேசி வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு அக்கரையில் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரணை. இரண்டு பேரும் சேர்ந்து போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வருவது என்று ஏற்பாடு.

கம்சாயினி ஏழுக்கு முன்னமே வந்துவிட்டாள். வந்து பார்த்தால் பாதை நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் மிதவைக்கு அந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அதில் விதுர்ஷா நின்றாள். சீருடை இல்லை. திருவிழாவுக்குப் போடுகிற பச்சைச் சட்டை. காலடியில் இரண்டு பெட்டிகள்.

“விதூ!” என்று கம்சாயினி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். காலை நேரத்துத் தண்ணீரின் மேல் சத்தம் நன்றாகவே போகும். விதுர்ஷா அசையவில்லை. அவளுடைய தாய் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டடி நகர்ந்து மகளை மறைத்து நின்றுகொண்டாள்.

துறையில் அப்பம் சுட்டு விற்கும் ஆச்சிப்பிள்ளை இதையெல்லாம் அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கையக் காட்டி என்னத்துக்குகா? பெட்டியோட போறவள் கிறுகிப் பாப்பாளா?”

“எங்க போறா, மாமி?”

“டவுன் பள்ளிக்கூடமாம், ஹொஸ்டலாம். கோயில் வண்ணக்கர்ர வேன் அக்கரையில வந்து நிக்குது, பார். உனக்கு ஒண்டும் சொல்லல்லையா?”

கம்சாயினி வேனைப் பார்த்தாள். பாதை திரும்பி வர அரை மணித்தியாலம் பிடித்தது. அதுவரை நின்றுவிட்டு, தனியாக ஏறிப் போனாள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து.

அந்த வருடம் தொடங்கும்போது, பள்ளிக்கூடம் முழுவதும் அவளைப் பார்த்துச் சிரித்த கதை ஒன்று நடந்திருந்தது. குடியுரிமைக் கல்விப் பாடத்தின் முதல் தவணைப் பரீட்சையில், ‘குடியுரிமை என்றால் என்ன?’ என்று ஒரு கேள்வி. கம்சாயினி தயங்காமல் எழுதினாள்: ‘குடியுரிமை என்பது ஒருவர் பிறந்த குடியினால் அவருக்குக் கோயிலில் கிடைக்கும் உரிமை. அது தாய்வழியாக வரும். அதை யாராலும் பறிக்க முடியாது.’

அவள்மேல் பிழை சொல்ல முடியாது. அந்தக் கரையில் பிறக்கிற பிள்ளை எதுவானாலும் தாயின் குடியைச் சேர்ந்துதான் பிறக்கும். கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு, முதல் மரியாதை இன்ன குடிக்கு என்று எழுதாத சட்டம் இருக்கிறது. குடி என்ற சொல்லைக் கேட்டால் அங்குள்ள பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது கொழும்பு அல்ல, கோயில்தான். பாடம் எடுத்த உதயரூபன் சேர் அந்த விடையை வகுப்பில் உரத்து வாசித்தார். சிரிப்பு அடங்கியதும், “இது நாட்டுக் குடி புள்ள. இதில மூத்த குடி, இளைய குடி இல்ல. எல்லாரும் ஒண்டு” என்றார்.

அந்த வசனம் கம்சாயினிக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொன்னாள். சீதேவிப்பிள்ளை வயல் வட்டையில் நாள் முழுக்கக் களை பிடுங்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் ஒண்டாமா? நம்மட குடிக்குத் திருவிழா ஏழாம் நாள். ஆறு நாள் பாத்துக்கொண்டு நிண்டுட்டுத்தான் நாம கும்பிடுறம். உன்ட சேரை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு.”

“அது கோயில் அம்மா. இது நாடு.”

“ஓம், நாடு. சரி, அந்த வாளிய எடு.”

ஆனாலும் அவள் அந்தப் பாடத்தை விடவில்லை. அடுத்த தவணையில் தொண்ணூற்றாறு எடுத்தாள். மாணவர் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது, தேர்தல் ஆணையாளராக அவளையே உதயரூபன் சேர் நியமித்தார். மற்றப் பள்ளிக்கூடங்களில் வகுப்புப் பிரதிநிதிகள்தான் பிரதமரைத் தெரிவு செய்வார்கள். இங்கே எல்லாப் பிள்ளைகளும் வாக்களிக்கட்டும் என்று அவர் சொன்னார். பிரதமராக வருகிறவர் கொழும்புக்குப் போய்ப் பாராளுமன்றத்தைப் பார்க்கும் குழுவில் சேரலாம்.

“ஆணையாளர் ஆருக்கும் கீழ இல்ல. அதிபருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. விளங்குதா?” என்று சேர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி விதுர்ஷா. கம்சாயினியோடு பாலர் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவள். மற்றவன் பிரதீஸ். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வினாயகமூர்த்தியின் மகன். வண்ணக்கர்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் செயலாளர்.

தேர்தல் நாள் ஒரு கொண்டாட்டம் போல நடந்தது. பிஸ்கட் பேணியில் துளை போட்டுப் பெட்டி செய்திருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சின்ன விரலில் ஊதா மை பூசியது போதாதென்று மற்ற விரல்களையும் நீட்டினார்கள். “ஒரு ஆளுக்கு ஒரு விரல்!” என்று கம்சாயினி கத்திக் களைத்துப்போனாள். மாலையில் நூலக அறையில் எண்ணினார்கள். சேர், கம்சாயினி, விதுர்ஷா, பிரதீஸ் நாலு பேரும் இருந்தார்கள். பாதியிலேயே பிரதீஸ், “மறுகா சொல்லுங்க” என்று எழும்பிக் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான். மற்ற மூன்று பேரும் இரண்டு தரம் எண்ணினார்கள். விதுர்ஷா இருநூற்றொன்பது. பிரதீஸ் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. செல்லாதது ஐந்து. பதினொரு வாக்கு வித்தியாசம். விதுர்ஷா மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சேர் அவளுடைய முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை சேர் கம்சாயினியைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். எண்கள் அதே எண்கள்தான். பெயர்கள் இடம் மாறியிருந்தன.

“இதில ஒரு கையெழுத்துப் போடு.”

“சேர், இது மாறிக் கிடக்கு.”

“தெரியும்.” அவர் கதவைப் பார்த்துக்கொண்டார். “புதுக் கட்டடத்துக்குரிய காணி கோயில்ர. வண்ணக்கர் வெள்ளிக்கிழமை ஒப்பம் வைக்கோணும். மகன் தோத்தது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மாரிக்கு ஏழாம் வகுப்பு மாமரத்துக்குக் கீழயா இருக்கிறது? ஒரு புள்ளைக்குக் கொழும்புப் பயணம், நானூறு புள்ளைகளுக்கு வகுப்பறை. நீயே சொல்லு, எது பெரும்பான்மை?”

கம்சாயினி தாளை இன்னொருமுறை வாசித்தாள். அவளுடைய தம்பி அந்த ஏழாம் வகுப்பில்தான் படித்தான். போன மாரியில் அவன் கொப்பிகள் நனைந்து ஒட்டிப்போனதை அவளும் பார்த்திருக்கிறாள்.

“சேர், ஆணையாளர் ஆருக்கும் கீழ இல்லையெண்டு நீங்கதானே சொன்னீங்க?”

“அது பாடம் புள்ள.”

அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். இடைவேளைக்கு மணி அடிக்க முன்னம், அறிவித்தல் பலகையில் வெண்கட்டியால் உண்மையான எண்களை எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். விதுர்ஷா ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள்.

“நீ எனக்காக நிண்டத நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன் கம்சா. ஆர் கேட்டாலும் சொல்லுவன், நானும் கூட இருந்து பாத்த நானெண்டு.”

யாரோ ஒரு பெற்றார் வலய அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிப்போட, விசாரணைக்குத் திகதி வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வலய அலுவலகத்தில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். அதிபரும் உதயரூபன் சேரும் ஒரு பக்கத்தில். கம்சாயினி நடந்ததை ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். வாக்குச்சீட்டுகள் எங்கே என்று கேட்டார்கள். குப்பையோடு எரித்துவிட்டதாக அதிபர் சொன்னார்.

“விதுர்ஷாவும் இருந்தவ சேர். அவவைக் கேளுங்க” என்றாள் கம்சாயினி.

மூத்த அதிகாரி கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். விதுர்ஷாவின் கையெழுத்து அவளுக்குத் தன் கையெழுத்தைப் போலத் தெரியும். ‘வாக்கு எண்ணும்போது நான் அந்த அறையில் இருக்கவில்லை. முடிவைப் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை.’ திகதி ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை முழுக்க விதுர்ஷா அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தவள். இரண்டு பேரும் ஒரே பொதியில் மாங்காய் தின்றார்கள்.

“விதுர்ஷாவும் நீங்களும் ஒரே குடி எண்டு கேள்விப்பட்டம். சரியா மகள்?” அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார்.

“ஓம் சேர். ஆனா...”

“அதாலதான் உங்களுக்கு ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும். சின்ன வயசு. குற்றமெண்டு சொல்லல்ல.”

கம்சாயினி உதயரூபன் சேரைப் பார்த்தாள். இது நாட்டுக் குடி என்று சொன்னவர் அவர்தானே. ஒரு சொல் சொன்னால் போதும். அவர் மேலே சுற்றும் காற்றாடியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எண்ணியதில் தவறு நேர்ந்திருக்கிறது என்று முடிவாயிற்று. மாணவர் தலைவி என்று அவளுக்குக் கொடுத்த பட்டியைத் திருப்பி வாங்கினார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க நாயாய் அலைய வேண்டும். விதுர்ஷாவுக்கு விடுகைப் பத்திரம் ஒரே நாளில் கிடைத்திருந்தது. பிரதீஸ் கொழும்புக்குப் போய் வந்தான். அவன் கொண்டுவந்த செய்தி, பாராளுமன்றத்தில் கதிரை மெத்தென்று இருக்கிறது, குளிர் தாங்க முடியாது என்பதுதான். அடுத்த வருடம் கட்டடம் எழும்பியது. அவளுடைய தம்பி அதில் நனையாமல் படித்தான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கம்சாயினிக்கு இன்றுவரை தெரியாது.

ஊரில் அவளுக்குப் புதுப் பெயர் கிடைத்தது. “ஏய் பதினொண்டு! எத்தின மணி? பாத்துச் சொல்லு, பிழையா எண்ணிராத” என்று பெடியன்கள் சைக்கிளில் போகும்போது கத்துவார்கள். ஒருமுறை துறையில் பிரதீஸ் தனியாக மாட்டுப்பட்டான்.

“நீயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டாள்.

“நான் தோத்தன் எண்டு எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எதிரா ஆர் சொல்லுற? நீ சொல்லிப் பார்” என்றான். அவன் பொய்யும் சொல்லவில்லை.

கம்சாயினி உயர்தரம் வரை படித்தாள். கம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது வந்தாறுமூலையில், கம்பஸ் வாசலுக்கு எதிரே ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. கடை ஏறாவூர் றிஸ்லாவினுடையது. அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், பொலிஸ் முறைப்பாடு, எல்லாம் நிரப்பிக் கொடுப்பாள். எழுத்துத் தெரியாதவர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். எழுதி முடித்ததும் ஒருதரம் உரத்து வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டபிறகுதான் ஒப்பம் வைக்க விடுவாள்.

இரண்டாயிரத்து இருபத்துநான்கில் இரண்டு தேர்தல் வந்தன. இரண்டுக்கும் அவள் வாக்களிக்கப் போகவில்லை.

“என்ன புள்ள, விரல் வெறும் விரலாக் கிடக்கு?” என்றாள் றிஸ்லா. “ஊருக்கெல்லாம் போம் நிரப்புறாய், உனக்கொரு புள்ளடி போட ஏலாதா?”

கம்சாயினி முதன்முறையாக ஒருவருக்கு முழுக் கதையையும் சொன்னாள். றிஸ்லா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“எங்கட பள்ளிவாசல் நிர்வாகத்திலயும் குடிக்கு ஒரு ஆள் எண்டுதான் இருந்த. சண்டை வந்தா மூஞ்சிக்கு நேர பிடிச்சிருவாங்க, முடிஞ்சிரும். அந்தச் சேரை மன்னிச்சாலும் மன்னிக்கலாம். கடிதத்த எழுதிப்போட்டு உன்னோட இருந்து மாங்கா திண்டாளே, அவள... அல்லாஹ், நானெண்டா மாங்காக் கொட்டையால எறிஞ்சிருப்பன்.”

கம்சாயினி சிரித்தாள். ஆனால் அவளுக்கு உள்ளே கொதித்தது வேறு. துறையில் கூப்பிட்டபோது விதுர்ஷா திரும்பிப் பார்த்திருந்தால், எதையாவது நினைத்து மனதை ஆற்றியிருக்கலாம். அதைக்கூட அவள் கொடுக்கவில்லை.

ஒருநாள் சீருடையோடு மூன்று பிள்ளைகள் குடியுரிமைக் கல்விப் பாட ஒப்படைக்குப் படம் பிரதி எடுக்க வந்தார்கள். ‘ஜனநாயகத்தின் பண்புகள்’ என்று தலைப்பு. அதில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இரகசிய வாக்கெடுப்பு ஏன் எண்டு என்னத்த எழுதுற?”

“ஆர் ஆருக்குப் போட்டதெண்டு தெரியாம இருக்கிறதுக்கு.”

“அவ்வளவுதானா? நாலு மார்க்ஸ் அக்கா.”

“எண்ணுறது மட்டும் எல்லாருக்கும் தெரியவேணும் எண்டு எழுது. மற்ற ரெண்டு மார்க்ஸ் தருவாங்க.” அவள் பிரதிகளை எண்ணி நீட்டினாள். “எண்ணினவளுக்கு என்ன நடந்ததெண்டு எழுதாத. அதுக்கு மார்க்ஸ் இல்ல.”

பிள்ளைகள் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஏப்ரல் மாதம், உள்ளூராட்சித் தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, தெரியாத இலக்கத்திலிருந்து அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. கடையில் சனம் நின்றது. ஒரு கையால் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே மற்றக் கையால் திறந்து வாசித்தாள்.

‘கம்சா, இது விதுர்ஷா. நம்பர உன்ட அம்மாட்ட வாங்கின. எப்பிடி இருக்காய்? நான் இந்த முறை நம்மட வட்டாரத்தில எலெக்சன் கேக்கிறன். நோட்டீஸ் பாத்திருப்பாய். அப்ப நடந்ததெல்லாம் சின்ன வயசில நடந்தது, மனசில வச்சிராத. வோட்டுக் கேக்க எழுதல்ல. உன்ட வோட்டு எனக்குத்தான் எண்டு தெரியும். இது வேற உதவி. வாக்கு எண்ணுற இடத்துக்கு என்ட பக்கத்தால ஒரு ஆள் போடோணும். எதிர்ப்பக்கம் கேக்கிறது பிரதீஸ். அவன்ட ஆக்கள் எண்ணிக்கையில கை வைப்பாங்க எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்ல. பயப்படாம நிக்கிற ஆள் எனக்கு உன்ன விட்டா ஆரும் இல்லகா. நாளைக்குள்ள பேர் குடுக்கோணும். உன்ட அடையாள அட்டை நம்பர மட்டும் அனுப்பு.’