நடக்க நடக்க ஏறிய சர்க்கரை

போன திங்கள்கிழமை அரியலூர் டாக்டர் என்னை ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தினமும் நடக்கறீங்களா, இல்லையா?"

"நடக்கறேன் சார். நாலு மைல்."

"பொய் சொல்லாதீங்க. டெஸ்ட் டியூபைப் பாருங்க... செங்கல் கலர்!"

இரண்டு மாதம் முன்பு சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தபோது பச்சைதான் வந்தது. அப்போது நான் நடக்கவே இல்லை. நடந்த பிறகு செங்கல், அதாவது சர்க்கரை ஏகத்துக்கு. இது என்ன நியாயம்? என் அப்பா இதே வியாதியில் ஐம்பத்தெட்டு வயதில் போனார். எனக்கு இப்போது ஐம்பத்தேழு.

"இன்னும் ரெண்டு மைல் கூட்டுங்க" என்றார் டாக்டர்.

கூட்டினால் சீக்கிரம் சாவேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உடையார்பாளையத்தில் சும்மா நடக்க முடியுமா? ஒருவன் காலையில் தெருவில் போனால், யாரையோ பார்க்க வருகிறான் என்றுதான் அர்த்தம். வாசலுக்கு வாசல், "வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க." நாலு மைலுக்கு நாலு காப்பி. ஆறு மைல் என்றால்...?

மறுப்பதா? ஒரு நாள் சம்பந்தி வீட்டில் மறுத்தேன். சாயங்காலம் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். "என்னப்பா கோவம்? மாமா மத்தியானம் சாப்பிடவே இல்ல." அன்றிலிருந்து குடிக்கிறேன். வியாதியை அவளிடம்கூடச் சொல்லவில்லை. பயந்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தியிடம் சொல்லித் தொலைத்தேன். மனிதர் சிரித்தார்.

"அட, இவ்வளவுதானா சம்பந்தி? சீனி வேணாம், வெல்லம் போடச் சொல்றேன். எனக்கு எழுபத்தஞ்சு. வெல்லக் காப்பிதான். கல்லு மாதிரி இல்ல?"

கல்லு மாதிரித்தான் இருக்கிறார். அதுதான் குழப்பம். விடிந்தால் முந்திரிக் கொல்லையில் மண்வெட்டியோடு நிற்பவர் அவர். அவரைக் காப்பாற்றுவது மண்வெட்டியா, வெல்லமா? நான் ஆபீஸ் நாற்காலியில் தேய்த்த முப்பது வருடத்தை ஆறு மைல் சரிக்கட்டுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. யோசித்துக்கொண்டே டம்ளரை வாங்கிவிட்டேன்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட மகள் வெளியே வந்தாள். மாமனார் கண்ணெதிரே டம்ளரைப் பிடுங்கினாள்.

"வெல்லமும் சர்க்கரைதான் மாமா. எங்க தாத்தா இதுலதான் போனாரு. இனிமே எங்கப்பாவுக்கு இந்த வூட்டுல தண்ணி மட்டும் குடுங்க."

சம்பந்தி எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். மறுநாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா கோவம் தீர ஒரு வருஷமாவது ஆகும்ப்பா" என்கிறாள் மகள்.

ஆகட்டும். அவர் சமாதானமாக வரும்போது, நான் உயிரோடு இருந்தால் போதும்!