முதல் தாம்பூலம் வாங்கிய நாலு பேர்

மலாயாவில், கிள்ளான் கோர்ட்டில் நான் துபாஷியாக இருந்த காலத்தில் ஒரே வகை வழக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்தது: என் பெண்டாட்டியை அவன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இன்னொருவன் மனைவி என்று தெரிந்தே ஒருத்தியை அழைத்துப் போனால் சிறை என்று வெள்ளைக்காரன் சட்டம் எழுதி வைத்திருந்தான். அவளாகவே விரும்பிப் போயிருந்தாலும் குற்றம் குற்றம்தான். ஆடு களவு போனால் ஆட்டிடம் யாரும் விசாரிப்பதில்லை அல்லவா, அதே மரியாதைதான் அவளுக்கும்.

தமிழர் சொல்வதை இங்கிலீஷிலும், மாஜிஸ்திரேட் துரை சொல்வதைத் தமிழிலும் சொல்வது என் வேலை. எதைச் சொன்னாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வழக்கில் அது என்னால் முடியவில்லை.

வழக்குக் கொடுத்தவர் ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணி. தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட தடி என்று மாப்பிள்ளை மாதிரியே வந்திருந்தார். கூண்டில் நின்றவன் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒல்லி ஆள். தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த இடத்தில், கங்காணி தன் மனைவி என்று சொன்ன அவளைப் பார்த்தவன். அவன் செய்த காரியமெல்லாம், அவள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தபோது அவளுடைய மூட்டையைத் தூக்கியதுதான்.

அவள் வெளித் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு ஒரு தடவை உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. உடைத்தவர் யார் என்று கிள்ளானில் எல்லோருக்கும் தெரியும். அவளை இரண்டு தரப்பும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவாளோ என்று கங்காணிக்குப் பயம், பெண்டாட்டியாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தொலைத்துவிடுவாளோ என்று எதிர்த்தரப்புக்குப் பயம். ரயில்வேக்காரன் உள்ளே போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. கங்காணி அந்த நம்பிக்கையில் மாட்டு வண்டியைக் கோர்ட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

ரயில்வேக்காரனுடைய வக்கீல் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்த யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணமே நடக்கவில்லை என்பதுதான் அவர் வாதம். அது உண்மையும்கூட. காய்ச்சலில் தாய் தகப்பன் செத்த பெண்ணிடம், சட்டி பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்று கங்காணி சொன்னார், அவள் போனாள். அவ்வளவுதான் கல்யாணம். ஆனால் தோட்டத்தில் கங்காணி சொன்னதைச் சாட்சிக்காரர்கள் சொல்லியே தீரவேண்டும். வக்கீலுக்கும் அது தெரியும்.

எழுந்ததும் அவர், சாட்சிக் கூண்டில் ஏறியிருந்த கங்காணியிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "கல்யாணம் கோயில் மூலையில், சின்ன அளவில் நடந்ததாமே?"

கங்காணிக்கு மீசை துடித்தது. "எவன்யா சொன்னான்? நாயனம், மேளம், மூணு கெடா! தோட்டமே சாப்புட்டுச்சு. நான் என்ன அனாதையா, மூலையில தாலி கட்ட?"

சாமி முன்னால் கட்டினேன், பூசாரி மட்டும் இருந்தார், அவரும் செத்துப்போனார் என்று சொல்லியிருந்தால் துரை நம்பியிருப்பார். ரயில்வேக்காரன் அன்றே உள்ளே போயிருப்பான். ஆனால் பொய்க் கல்யாணமாக இருந்தாலும் சிக்கனமாகச் செய்ய நம் ஆட்களுக்கு மனம் வருமா?

சாட்சிகளை வெளியே இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்று எல்லோரும் ஒரே மாதிரி ஒப்பித்தார்கள். வக்கீல் தாலி பக்கமே போகவில்லை. "சபையில் முதல் தாம்பூலம் யாருக்குக் கொடுத்தார்கள்?" என்பது ஒன்றுதான் அவர் கேள்வி.

முதல் ஆள் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குத்தான். நான் இருக்கும்போது வேற யாருக்குக் குடுப்பாங்க?" சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் ஆள் வந்தார். "எனக்குத்தானுங்க தொரை."

பின்வரிசை எழுந்தது. "ஒனக்கா? ஒங்க அப்பனுக்கே அந்தத் தோட்டத்துல தாம்பூலம் கெடையாதுடா!"

மூன்றாம் ஆள் தனக்கு என்றார். நாலாம் ஆள் கங்காணியின் மச்சான், தங்கை புருஷன். பெண்ணெடுத்த வீட்டுக்காரன் நான் இருக்க இந்தப் பயல்களுக்கா என்று கூண்டிலிருந்தே கையை ஓங்கினார். மாத்தா மாத்தா என்கிற போலீஸ்காரர்கள் வந்து நாலு பேரையும் தோளைப் பிடித்து அமுக்கவேண்டியதாயிற்று.

துரை என்னைப் பார்த்தார். வெற்றிலைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்றார். "தாலி கட்டியது யார் என்பதுகூட எங்களுக்கு மறந்துபோகும், துரை அவர்களே. முதல் தாம்பூலம் யார் வாங்கியது என்பது பேரன் காலம்வரை மறக்காது" என்றேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வக்கீல் கங்காணியை மறுபடி கூண்டில் ஏற்றினார். "நீங்களே சொல்லுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள்?"

நாலு முகங்களும் கங்காணியைப் பார்த்தன. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற மூவரும் ஜென்மத்துக்கும் பகை. கங்காணி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஞாபகம் இல்லைங்க" என்றார்.

கல்யாணம் நிரூபிக்கப்படவில்லை, அவள் வெறுமனே கூட வைத்திருந்த பெண்தான் என்று துரை தீர்ப்புச் சொன்னார். ரயில்வேக்காரனை விட்டுவிட்டார்கள்.

வக்கீல் குதூகலமாகத் தாழ்வாரத்துக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். "பிள்ளை, இனிப் பயமில்லை. நீ அவன்ர மனுசி இல்லையெண்டு கோர்ட்டே சொல்லிப்போட்டுது" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "பொண்டாட்டி இல்லாதவளயா இத்தன வருசம் அடிச்சான்? அதுக்கு என்னங்க கேசு?"

"அது வேற வழக்கு. அடிச்சதைப் பார்த்த சாட்சி வேணும்" என்று வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதுவரை எனக்கு வேடிக்கையாக இருந்த வழக்கு அப்போது கசந்துபோயிற்று.

வாசலில் மாட்டு வண்டியைச் சுற்றி நாலு பேரும் இன்னும் தாம்பூலச் சண்டையை விடவில்லை. அவள் கோணல் கையால் அவர்களைக் காட்டி என்னிடம் சொன்னாள்: "பாத்தவங்க அவங்கதான், அய்யா. நடக்காத கல்யாணத்துக்கு நாந்தான் மொத ஆளுன்னு அத்தன பேரும் வந்தாங்க. என் கை ஒடஞ்சன்னைக்கு மொத ஆளா நின்னது யாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."