சொல்லிக்கொள்ளாமல் போனவர்

கடந்த ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒன்று இருபது. வானம் மூடிக் கிடந்தது, மழை இறங்கவில்லை. அன்னவாசல் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். இறந்த அம்மாவின் மகனை மட்டும் காணவில்லை. அவர் ஆயுள் கைதி.

பதினான்கு வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கல்குவாரியை எதிர்த்துச் சங்கம் வைத்துப் போராடியவர் அவர். ஓர் இரவு குவாரி மேலாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நேரத்தில் இவர் கறம்பக்குடியில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள். இவரைச் சம்பவ இடத்தில் பார்த்ததாகச் சொன்னவர் குவாரிக் காவலாளி ஒருவர்தான். கோர்ட் காவலாளியை நம்பியது. நான் இவரை நம்பினேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கேயும் ‘அவர் செய்யவில்லை’ என்று சண்டை போட்டிருக்கிறேன். அதனால்தான், தாய் இறந்ததற்குப் போலீஸ் காவல் இல்லாமல் மூன்று நாள் விடுப்பு கிடைத்து, ஜாமீன் போட உறவினர்கள் தயங்கியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியனான நான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு ஜாமீன் அவருடைய தங்கை கணவர்.

அன்று மாலை ஆறுக்குள் அவர் திருச்சி சிறைக்குத் திரும்ப வேண்டும். மூன்று மணிக்கு நாங்களே கூட்டிப்போவதாக ஏற்பாடு. திரும்பாவிட்டால் பரிசீலனையில் இருந்த அவருடைய முன்விடுதலை மனு அதோடு முடிந்தது. என் வீட்டுக்கும் போலீஸ் வரும்.

அவருடைய பையும் இல்லை என்றதும் தங்கை கணவரிடம் ஓடினேன்.

“பதறாதீங்க சார். மச்சான் இங்கிட்டுதான் எங்கயாச்சும் இருப்பாரு” என்றார் அவர்.

“எங்கிட்டு இருப்பாரு? கொல்லை, கொளத்தங்கரை, பஸ் ஸ்டாப், எல்லாம் பாத்தாச்சே!”

“நேரா ஜெயிலுக்கே போயிருந்தா?”

“போறவரு சொல்லாமப் போவாரா?”

வாடகைக் கார் பிடித்தோம். தங்கை கணவர் மச்சானைத் தேடி ஏறினார். நான் ஏறியது வேறு எண்ணத்தில். ‘கைதி ஓடிவிட்டார்’ என்று சிறை அதிகாரியிடம் நானே முதலில் சொல்லிவிட்டால், என்மேல் பழி வராது. விராலிமலை தாண்டும்போது அதைவிட மோசமான நினைப்பு வந்தது. இன்றைக்கு ஓடத் தெரிந்தவர், அன்றைக்குக் கறம்பக்குடியில்தான் இருந்தாரா?

சிறைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. உள்ளே போக இன்னும் நேரம் இருந்ததால், தெருவில் போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்க?”

“துக்க வீட்டுல சொல்லிக்கிட்டுக் கெளம்பலாமா சார்?”

“நீங்கதான் இதையெல்லாம் கேலி பண்ணுவீங்களே!”

“நான் பண்ணுவேன். ஆத்தா பண்ணாதுல்ல.” பிறகு காரைப் பார்த்தார். “இது எதுக்கு?”

“ஒங்கள வழியனுப்பத்தான் மச்சான்” என்று தங்கை கணவர் முந்திக்கொண்டார்.

“ஜெயிலுக்கு வழியனுப்பக் கார் வச்சு வந்த மொத ஆளு நீங்கதான் சார்!” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. “டீ சாப்பிடுங்க சார்” என்றார் மெதுவாக. டீக்காசை என்னைக் கொடுக்க விடவில்லை. சிறையில் வேலை செய்து சேர்த்த கூலியிலிருந்து அவரே கொடுத்துவிட்டு, வாசலுக்குள் போனார்.

அவர் செய்யவில்லை என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் முன்போல் குரல் எழும்புவதில்லை. என் நம்பிக்கை விராலிமலையைத் தாண்டாது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு, கார் வாடகை இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.