மூன்று மணி நேர ஃபைலில் ஒரு குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், பரவாயில்லை. ஆனால் பட்டப்பகலில், மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்ததை நான் என்னவென்று சொல்வது?

தங்க வயலில் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் அது. கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலை பார்த்தேன். வேலை போனவர்கள் பயோடேட்டா அடிக்க வரிசையில் நிற்பார்கள். அதற்கு நடுவில், பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சிடி போட்டுத் தருவதும் என் வேலைதான்.

ஒருநாள் கன்னியம்மாக்கா இரண்டு கேசட்டோடு வந்தார். அவருடைய கணவர் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். நெஞ்சில் தூசி அடைத்து, நான்கு மாதம் முன்பு இறந்துபோனார். படுக்கையில் கிடந்த நாட்களில் டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாராம்.

"எம்புள்ள சேகரு பெங்களூர்ல கீறான்மா. அவங்கப்பாவ அடக்கம் பண்ண அப்பறந்தான் அவனுக்கு சேதி போச்சு. அதுலேர்ந்து என்னாண்ட பேச மாட்டேன்றான். அப்பா பேசுனது கீது, கேளுடான்னா, கேசட்டெல்லாம் கேக்க நேரமில்ல, கம்ப்யூட்டர்ல போட்டு வெய்யி, என்னப் பத்தி பேசுன எடத்த மட்டும் கேக்கறேன்னு சொல்லி அனுப்பிக்கீறான்."

டேப் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டு, இரண்டு கேசட்டையும் ஒரே ஃபைலாக ஏற்றினேன். மூன்று மணி நேரம். அடுத்தவர் வீட்டு விஷயம் என்பதால் சத்தத்தைக் குறைத்துவிட்டு டைப்பிங்கைப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை, சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சேகர் வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்தான்.

"எனக்கு நாலு மணிக்கு டிரெயின் கீது. எந்த எடத்துல பேசிக்கீறாரு?"

அது யாருக்குத் தெரியும்? திரையின் அடியில் ஒரு கோடு இருக்கும், அதில் ஒரு சின்னக் கட்டை. அதை மவுஸால் பிடித்து இழுத்தால் பாட்டோ பேச்சோ அந்த இடத்துக்குத் தாவிவிடும். இழுத்து இழுத்துத் தேடிப் பாருங்கள் என்றேன். அவன் கட்டையை ஒன்றரை மணி நேரம் என்று காட்டும் இடத்துக்கு இழுத்தான்.

"டேய், மொதல்லேர்ந்து கேளுடா."

ஸ்பீக்கரில் அவன் அப்பாவின் குரல் தெளிவாக வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சேகர் கொஞ்சம் திகைத்தான், பிறகு இரண்டு மணி நேரம் காட்டும் இடத்துக்கு இழுத்தான். அதே குரல், அதே வார்த்தை. பின்னால் இழுத்தான், கடைசிக்குக் கொண்டுபோனான், எங்கே விட்டாலும் அதுதான். ஃபைல் கெட்டுப்போய் ஒரே இடத்துக்குப் போகிறது என்று நினைத்து நான் பிளேயரை மூடித் திறந்தேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், மறுபடி அவன் மவுஸைத் தொட்டதும், "டேய், மொதல்லேர்ந்து கேளுடான்னா" என்று வந்தது. இந்த முறை அதில் கொஞ்சம் கோபம் இருந்தது.

சேகர் கையை எடுத்துவிட்டான். நான்தான் ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன்.

அவர் பேசினார். முதல் நாள் சுரங்கத்துக்குள் கேஜில், அந்தக் கம்பிக் கூண்டில் இறங்கும்போது பயத்தில் கண்ணை மூடிக்கொண்டது, கீழே அடிக்கிற வெக்கை, பக்கத்தில் நின்றவன் மேல் பாறை சரிந்தது, அவனுடைய டிபன் பாக்ஸைத் தானே அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது. நடுநடுவே மூச்சு வாங்கும் சத்தம். நாலு மணி வண்டி கூவிக்கொண்டு போனது. சேகர் எழுந்திருக்கவில்லை. எல்லாம் ஓடி, இரண்டே கால் மணி நேரம் தாண்டியபோது வந்தது.

"சேகருக்கு சொல்லி அனுப்பாதேன்னு நான்தான் சொன்னேன். அவ அழுதா. நான் அவ கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டேன். இப்டி எலும்பும் தோலுமா கீறத அவன் பாக்க வாணாம். சின்னதுல, நான் ஷிஃப்ட் முடிஞ்சி வரசொல்ல சுரங்க கேட்டாண்ட ஓடியாந்து தோள்ல ஏறுவான். அந்த அப்பனாவே நான் அவனுக்கு இருந்துட்டுப் போறேன். எதுனா கோவம்னா எம்மேல வெச்சுக்கோ சாமி, அம்மா மேல வெக்காத."

"ஏம்மா நீ சொல்லல?" என்றான் சேகர்.

"நீ எங்கடா கேட்ட?" என்றார் அக்கா.

அவன் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் வெளியே போய் நின்றேன். இருட்டுவதற்கு முன் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்து போனார்கள்.

ஆனால் ஒன்று. கடைசிவரை ஓடிய அந்த மூன்று மணி நேரத்தில், "மொதல்லேர்ந்து கேளுடா" என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. கேசட்டுகளையும் அன்று ராத்திரி என் வீட்டில் முழுசாகப் போட்டுக் கேட்டேன். அதிலும் இல்லை.

மறுநாள் காலை சென்டரைத் திறந்ததும் சிடி போட்டு முடித்தேன். ஃபைலை அழிப்பதற்கு முன்னால், யாரும் இல்லையே என்று, கட்டையை ஒரே ஒரு தடவை நானே நடுவுக்கு இழுத்துப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதே குரல், ரொம்ப மரியாதையாகக் கேட்டது.

"யாரும்மா நீ?"

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் பயம்கூடப் போய்விட்டது. என் பேரையாவது சொல்லியிருக்கலாமே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.