லாரிகள் உள்ளே வரக் கூடாது

நான் லாரி ஓட்ட வந்த காலத்தில், வேதாரண்யத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் தஞ்சாவூர் தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்த நல்ல கடைகள் இருந்தன. கீற்றுக் கொட்டகைதான். ஆனால் முன்னால் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர், கயிற்றுக் கட்டில், பின்னால் தட்டி மறைத்த கக்கூஸ். பரோட்டா சாப்பிட்டால் குளியல் இலவசம். சாப்பிடாமல் குளித்தாலும் யாரும் கேட்டதில்லை. தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் லாரி நிற்கும் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். லாரிகள் நின்றதால் பக்கத்திலேயே பஞ்சர் கடையும் பட்டறையும் வந்தன.

நாலுவழிச் சாலை போட்டபோது எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். பதிலுக்கு ஏசி ஓட்டல் வந்தது. வாசலில் போர்டு: லாரிகள் உள்ளே வரக் கூடாது. எங்களுக்கு ஓரமாகத் தளம் போட்டு, 'லாரி நிறுத்துமிடம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அங்கே ஒரு குழாய்கூடக் கிடையாது. திட்டம் போட்ட மகராசனுக்கு மூத்திரமே வராது போலிருக்கிறது.

போன வருஷம் ஐதராபாத்தில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஊருக்கே உப்பு லோடு இருந்தது. "உங்க கூடவே வந்துடுறேங்க" என்று என் மனைவி முதல் தடவையாக லாரியில் ஏறினாள். கக்கூஸ் கட்டினால்தான் ஆச்சு என்று வீட்டில் சண்டை போட்டுக் கட்ட வைத்தவள் அவள். தஞ்சாவூர் பைபாஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எங்கயாச்சும் நிறுத்துங்க" என்றாள்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்த ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். காவலாளி என் கைலியைப் பார்த்தார். "கார்ல வர்றவங்களுக்கு மட்டுந்தாங்க. விட்டா என் வேலை போயிடும்."

"உள்ள கொதிக்கிற சாம்பார்ல உப்பு போடுறீங்கல்ல? அதை யாருய்யா கொண்டாந்தது?" என்று கத்தினேன். கை ஓங்கியிருப்பேன். அவள் என்னைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க. என்னால நிக்க முடியல."

அறுவடை முடிந்த வயல். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மறைய ஒரு புதர் இல்லை. உப்பு மூட்டைமேல் கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு பக்கத்தை அவிழ்த்து, லாரியோரமாக மறைத்துப் பிடித்தேன். பைக்கில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். தார்ப்பாயை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

திருச்சி தாண்டியது. நல்ல வெயில். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாங்க. ஐதராபாத் போய்க் குடிச்சுக்கிறேன்" என்றாள்.