வாயசைவும் சத்தமும்

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கம்யூனிகேஷன் கடையில் ஏழு வருடம் வேலை செய்தேன். போட்டோகொப்பி, போன் ரீலோட் எல்லாம் இருந்தாலும், சனிக்கிழமைகளில் கூட்டம் வந்தது படம் ஏற்றத்தான். தோட்டத்து ஆட்கள் கையடக்க பிளேயர்களைக் கொண்டுவருவார்கள். பெரிய படத்தைச் சின்னத் திரைக்கு ஏற்றபடி மாற்றி, கார்டில் போட்டுக் கொடுப்பேன். சத்தம் பிந்தி வருகிறது என்று யாராவது சொன்னால், "பிளேயர் சரியில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

தேயிலை பெக்டரியில் ரோலர் மெஷினில் வேலை செய்யும் ஒருவரை மட்டும் அப்படி அனுப்ப முடியவில்லை. ஐம்பது வயது இருக்கும். மகளின் கல்யாண வீடியோவை பிளேயரில் ஏற்றிக்கொண்டு போனவர், மறுவாரமே வந்து நின்றார்.

"தங்கச்சி, வாய் அசையுறது ஒரு நேரம், பேச்சு வர்றது ஒரு நேரமா இருக்குங்க."

"பிளேயர் பழசு அண்ணே."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா சொல்லுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெஷின் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. மீதிச் சத்தத்தையும் உதட்டசைவையும் சேர்த்துத்தான் அவர் பேச்சைப் புரிந்துகொள்கிறார். இரண்டும் விலகினால் அவருக்கு ஒன்றுமே இல்லை.

எந்த இடம் என்று கேட்டேன். கடைசியில், மகள் வேனில் ஏறுமுன் அவரிடம் ஏதோ சொல்லும் இடம்.

"அன்னைக்கு மேளச் சத்தம். வெளங்கல. சும்மா தலையாட்டிட்டேன். காது கேக்காதுன்னு வீட்டுல யாருக்கும் தெரியாதுங்க."

சத்தத்தை இரண்டு விநாடி முன்னே தள்ளிப் பார்த்தேன். கடைசிப் பகுதி சரியானது. ஆனால் ஆரம்பத்தில், தேங்காய் தரையில் படுவதற்கு முன்பே உடையும் சத்தம் கேட்டது. அப்படியானால் இது ஒரே அளவான பிந்தல் இல்லை, போகப் போகக் கூடுகிற பிந்தல். அவர் கொண்டுவந்திருந்த அசல் கல்யாண டிஸ்க்கின் விபரத்தைத் திறந்தேன். விநாடிக்கு 29.97 படச்சட்டம். நான் மாற்றும்போது 30 என்று விட்டிருக்கிறேன். மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் காட்சி கொஞ்சம் கொஞ்சமாக முந்தி ஓடி, நாற்பது நிமிட வீடியோவில் இரண்டு விநாடிக்கு மேல் ஆகிவிட்டது. பிளேயரில் ஒரு குறையும் இல்லை. இத்தனை பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அசல் வேகத்திலேயே திரும்பவும் மாற்றினேன். பழைய கம்ப்யூட்டர், ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் தேங்காய் உடைக்கும் இடத்தையும் வேன் கதவு சாத்தும் இடத்தையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் சரி. கதவுக்குச் சற்று முன்னால் மகள் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவர் கையை உயர்த்தினார்.

"சொல்லாதீங்க தங்கச்சி. நானே கேட்டுக்குறேன்."

இயர்போனை மாட்டி, பிளேயரை முகத்தருகே பிடித்து மூன்று தரம் பார்த்தார்.

அந்தப் பெண் சொன்னது இதுதான்: "மறுவீட்டுக்கு அண்ணன அனுப்பாதீங்கப்பா. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

"நான் மகனத்தானே அனுப்பினேன்" என்றார். "எட்டு மாசமா புள்ள மொகம் குடுத்துப் பேசல. மாப்புள்ள வீட்டுல ஏதும் கரைச்சலோன்னு நெனச்சிட்டு இருந்தேன்." இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரிக்குப் போய், பஸ் மாறி, மகள் இருக்கும் கலவானைக்குப் போயிருக்கிறார். பிறகு கடைக்கு வந்து அவரே சொன்னார்.

"நடந்ததெல்லாம் சொன்னேன். வரலன்னு கூட ஏசலங்க. காது கேக்காதத ஏன் மறைச்சீங்கன்னுதான் ஏசினா. ஒரு மணித்தியாலம் ஏசினா."

"எல்லாம் வெளங்கிச்சா அண்ணே?"

"நேருக்கு நேரா நின்னு ஏசினாளே, ஒண்ணுவிடாம வெளங்கிச்சி."

காதைப் பரிசோதிக்க மகள் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். அதற்கு பெக்டரியில் லீவு கேட்கக் கடிதம் வேண்டும் என்றார். பெக்டரி ஆபீஸில் எல்லாம் சிங்களம்தான் என்பதால், சிங்களத்தில் டைப் செய்து கொடுத்தேன்.